அவித்த கிழங்கு

ஒச்சாயியின் எலும்பு மஜ்ஜையில் எடுத்த துளியை மைக்ரோஸ்கோப்பில் பார்த்ததும் டாக்டர் காசிமாயனுக்குத் தூக்கம் கலைந்தது.

பிரிய வேண்டிய செல்கள் பாதியில் நின்றிருந்தன.

ஒரு செல் இரண்டாகும்போது, உள்ளே புரத இழைகள் உருவாகி, குரோமோசோம்களை இரண்டு பக்கமும் இழுத்துப் போகும். இங்கே இழைகளே இல்லை. குரோமோசோம்கள் போக வழியில்லாமல் நடுவில் குவிந்து கிடந்தன.

அந்தப் புரதத்தைக் கட்டிப்போடும் விஷம் செங்காந்தள் செடியின் வேரான கண்வலிக்கிழங்கில் உண்டு.

எல்லோரும் நினைத்ததுபோல் காலரா இல்லை இது.

இரண்டு நாளாகத் தொடர்ந்து டூட்டி. கண் எரிந்தது. போலீசுக்கு எழுதிப் போட்டார்.

உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம். மழை பொய்த்த மூன்றாவது வருஷம். புருஷன் கேரளாவில் எஸ்டேட் வேலைக்குப் போயிருந்தான். வீட்டில் மாமியாரும் மருமகளும் மட்டும். மருமகள் ஒச்சாயி வாந்தியும் பேதியுமாய் நினைவிழந்து கிடக்க, மாமியார் சோணையம்மாளுக்கு ஒன்றும் ஆனதாகத் தெரியவில்லை.

ஏட்டு வந்து அவளை விசாரித்தார்.

"நான்தான்யா அவிச்சுக் குடுத்தேன். வள்ளிக்கிழங்குன்னு நெனச்சேன்."

ஏட்டு முதல் பாதியை மட்டும் எழுதிக்கொண்டார். காசிமாயனும் அதைத்தான் நம்பினார்.

அதன்பிறகு வார்டில் யாரும் அவளோடு பேசவில்லை. மருமகளுக்குக் கஞ்சி ஊட்டவும் விடவில்லை. சோணையம்மாள் மருமகளின் கட்டிலுக்குக் கீழே, தலையை முந்தானையால் மூடிச் சுருண்டு கிடந்தாள்.

ஒன்பதாம் நாள் ஒச்சாயிக்கு முடி கொட்டத் தொடங்கியது. காசிமாயன் எதிர்பார்த்ததுதான். முடியின் வேரிலும் செல்கள் பிரிவது நின்றுபோயிருக்கும். மறுபடி முளைத்துவிடும். அவள் பிழைத்துவிட்டாள்.

மறுநாள் காலை, வார்டு பெருக்குகிறவள் கட்டிலடியிலிருந்து முடியைக் கூட்டி அள்ளினாள். காசிமாயன் அசதியோடு பார்த்துக்கொண்டு நின்றார்.

முறத்தில் பாதி கறுப்பு. பாதி நரை.

ஒச்சாயிக்கு வயது இருபத்திரண்டு.

அவர் தரையில் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"நீங்களும் தின்னீங்களாம்மா?"

"அவ காட்டு வேலைக்குப் போறவ, அவளுக்கு எடுத்து வச்சேன். சட்டியில கெடந்த மிச்சத்த நான் தின்னேன். அம்புட்டுத்தான்யா."

"ஏன் சொல்லல?"

சோணையம்மாள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"யாரு கேட்டா?"

பத்து நாளில் முதல்முறையாக, காசிமாயன் அவளுடைய நாடியைப் பிடித்துப் பார்த்தார்.