பத்திரமாக ஒரு போன்

"லாக்க எடுத்துடுங்கண்ணா. இனிமே இந்த போனுக்கு லாக்கே வேணாம்."

ஹேமநாதனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. திருத்தணி மலைப்படிக்கட்டுக்குப் பக்கத்தில் பன்னிரண்டு வருஷமாக செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். லாக் நம்பரை மறந்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. தெரிந்த நம்பரை வைத்துக்கொண்டு லாக்கே வேண்டாம் என்கிற ஆளை இன்றுதான் பார்க்கிறான்.

வந்தவள் பேர் தேவயானி. பள்ளிப்பட்டில் விசைத்தறி ஓட்டுகிறாள்; ஆஸ்பத்திரியில் ஒரு சர்டிபிகேட் வாங்க இன்று திருத்தணி வந்திருந்தாள். போனில் எங்கே போய் லாக்கை எடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

"எனக்கு எதுன்னா ஆச்சின்னா, பக்கத்துல இருக்கறவங்க எடுத்து என் பொண்ணுக்கு போன் பண்ணணுங்கண்ணா. அவளுக்கு இப்ப என்ன விட்டா யாரும் இல்ல."

ஹேமநாதன் சும்மா விடுவானா? பேங்க் கணக்கு, ஆதார் அட்டை, பெண்ணோட போட்டோ எல்லாம் இதில்தானே இருக்கிறது என்று ஆரம்பித்தான். போன் கைமாறினால் ஓடிபி-யும் திருடன் கைக்கே வரும், பணத்தோடு மானமும் போகும் என்றான். சொன்னதில் ஒன்றும் தப்பில்லை. சொல்வதில் இருந்த சுகம்தான் கொஞ்சம் ஜாஸ்தி.

"பணம் போனா போவட்டுங்கண்ணா" என்றாள் அவள்.

இவளுக்கு இப்படிச் சொன்னால் ஏறாது என்று அவனுக்குத் தோன்றியது. அவளிடம் நம்பரை வாங்கி, வேண்டாவெறுப்பாக செட்டிங்ஸைத் திறந்துகொண்டே கதைக்கு வந்தான்.

கிருத்திகை வந்துவிட்டால் அவன் கடையில் மொட்டைக் கூட்டம்தான். மலையில் முடி கொடுத்துவிட்டு இறங்கினால் சில போன்கள் சொந்தக்காரன் முகத்தையே பார்த்துத் திறக்க மறுத்துவிடும். தினமும் முகத்தைக் காட்டித் திறந்தவர்களுக்கு நம்பர் எங்கே ஞாபகம் இருக்கும்? ஆதாரைக் காட்டினால்தான் ஹேமநாதன் போனைத் தொடுவான். அதில் அவனுக்கு ரொம்பப் பெருமை.

"ரெண்டு மாசத்துக்கு முன்னாடி, ஆடிக் கிருத்திகை அன்னிக்கு ஒருத்தன் வந்தாம்மா. மஞ்ச வேட்டி, தல நெறைய முடி. மொட்டையே போடல, அப்புறம் போனுக்கு ஏன் மொகம் தெரியல? கேட்டா, போனே என்னுது இல்லன்றான். வழியில யாரோ வுழுந்துட்டாராம், இவன் ஆஸ்பத்திரில சேத்துட்டு வந்தானாம். அவங்க வீட்டுக்குச் சொல்லணும், தெறந்து குடுங்கன்றான். இன்னா கத பாரு."

கூட்டத்தில் போன் களவு போவது சகஜமான நாள் அது. ஹேமநாதன் போனைப் பிடுங்கிக்கொண்டு, போலீஸைக் கூப்பிடவா என்று அதட்டினான். அந்த ஆள் கையெடுத்துக் கும்பிட்டுக் கெஞ்சினான். பக்கத்துக் கடைக்காரர்களும் வந்து சேர, பயந்துபோய்க் கூட்டத்துக்குள் மறைந்துவிட்டான். போலீஸில் போனை ஒப்படைக்க அன்றைக்கு ஹேமநாதனுக்கு நேரமில்லை. அப்புறம் ஞாபகமில்லை.

"லாக் இருந்ததாலதான் தப்பிச்சுது. இல்லன்னா போனுக்காரன் கதி இன்னா ஆவறது?"

டிராயரை இழுத்து ஒரு போனை எடுத்து மேஜையில் வைத்தான்.

"நானே இத்த நோண்டிப் பாக்கல. அன்னிக்கே சுவிட்ச் ஆஃப் பண்ணிப் பத்திரமா வெச்சிகினு இருக்கேன். லாக்கோட அருமை இப்ப தெரியுதா?"

தேவயானி போனைக் கையில் எடுத்துத் திருப்பினாள். பின்பக்கத்து ரப்பர் கவர் ஓரத்தில் கிழிந்திருந்தது. கிழிசலைச் சிவப்புத் தறிநூலால் யாரோ இறுக்கித் தைத்திருந்தார்கள்.

"இந்த முடிச்சி நான் போட்டதுங்கண்ணா" என்றாள்.

ஹேமநாதனுக்கு முதலில் விளங்கவில்லை.

அவள் புருஷன் முருகவேல் மகளுக்காக வேண்டிக்கொண்டு, ஆடிக் கிருத்திகைக்கு மொட்டை போட வந்தவர். மலையிலிருந்து இறங்கும்போது வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. வாய் கோணிவிட்டது. மொட்டைத் தலையும் கோணிய வாயுமாக இருந்த முகத்தை அவர் போனே அடையாளம் தெரிந்துகொள்ளவில்லை. நம்பரைச் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. மூன்றாம் நாள் அவள் தேடிக்கொண்டு வந்தபோது, அவர் பேர் தெரியாத பிணமாகக் கிடந்தார். நடந்ததை ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லித்தான் தெரிந்துகொண்டாள்.

"ரெண்டு நாளும் நான் போன் அடிச்சிகினே இருந்தேங்கண்ணா. சுவிட்ச் ஆஃப்னே வந்துது. சார்ஜ் எறங்கியிருக்கும், கூட்டத்துல எங்க போடறது, வந்துடுவாருன்னு நெனச்சிகினேன்."

ஒரு ரிங் வந்திருந்தால் போதும், லாக்கை எடுக்காமலே பேசியிருக்கலாம். அது ஹேமநாதனுக்குத் தெரியாததா?

"உயிர் போற வரைக்கும் வாசலையே பாத்துகினு இருந்தாராம். போன எடுத்துகினு போனவரு வந்துடுவாருன்னு."

தேவயானி இரண்டு போன்களையும் முந்தானையில் சுற்றிக்கொண்டாள். அவள் குரலில் கோபமே இல்லை. அதைத்தான் ஹேமநாதனால் தாங்க முடியவில்லை.

"உதவி பண்ற மாதிரி வந்து போனத் திருடிகினு ஓடிட்டான்னு, அந்த மஞ்ச வேட்டிக்காருக்கு நான் தெனம் மண்ண வாரித் தூத்திகினு இருந்தேன். அவர எங்கண்ணா போயித் தேடி, நாம கால்ல வுழறது?"