நடுவில் இருந்த வார்த்தைகள்

வெள்ளத்தில் சிக்கியவர்கள் அனுப்பும் குறுஞ்செய்திகளிலிருந்து தெருப் பெயரையும் ஆட்களின் எண்ணிக்கையையும் மட்டும் பிடுங்கித் திரையில் போடும் நிரலை இன்பவல்லிதான் எழுதியிருந்தாள். முதலில் தெரு, நடுவில் எதுவானாலும் சரி, கடைசியில் இத்தனை பேர் என்பதுதான் அவள் அதற்குக் கொடுத்த தேடல் வடிவம். நடுவில் வரும் புலம்பலை நிரல் தாண்டிப் போய்விடும். அதையெல்லாம் படிக்க யாருக்கு நேரம்?

திரையில் வந்தது: ஓடைக்கரைத் தெரு, 6 பேர். சற்றுப் பொறுத்து அதே தெரு, 4 பேர். பிறகு 2.

"பாத்தியாம்மா, குறைஞ்சிட்டே வருது. யாரோ போய் ஏத்திட்டிருக்காங்க," என்றார் மீட்புப் படகுகளை அனுப்பும் அதிகாரி செபாஸ்டின், நிம்மதியாக. "நம்ம படகை வேற பக்கம் திருப்பிடறேன்."

யார் போனது? அவர்களின் படகே இன்னும் அங்கே போய்ச் சேரவில்லையே. இன்பவல்லி கடைசிச் செய்தியை முழுசாகத் திறந்தாள்.

'ஓடைக்கரைத் தெரு மொட்டைமாடிக்கும் தண்ணி வந்துருச்சு இன்னும் யாருமே வரல கயித்தப் புடிச்சிட்டு நிக்கிறோம் 2 பேர்.'

"சார், படகைத் திருப்பாதீங்க!"

அவர் காதிலிருந்து போனை எடுத்தார். "இப்பத்தானேம்மா சொல்லி முடிச்சேன்."

திரையில் ஓடைக்கரைத் தெரு மறுபடி வந்து நின்றது. எண் இருக்கும் இடத்தை அவள் சட்டென்று உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள்.