பார்க்காத நீலக் காளான்

நோர்வேயின் வட காடுகளில் காளான்களைப் பதிவு செய்யும் வேலையில் திலகேஸ்வரிக்கு இருபத்திரண்டு வருடங்கள் ஓடிவிட்டன. இப்போதெல்லாம் யாரும் குறிப்பேடு வைத்துக்கொள்வதில்லை. இந்த வேலையில் இருப்பவர்களின் கண்ணில் நிரந்தரமாகப் பொருத்தியிருக்கும் லென்ஸ், பார்த்த காளானை அந்தக் கணமே இனம் கண்டு பதிந்துவிடும். அரிய இனமாக இருந்தால் அன்று மாலையே அந்த இடத்தைச் சுற்றி மனித நடமாட்டம் தடைசெய்யப்படும். அந்தச் சட்டம் வர வேண்டும் என்று கொடி பிடித்தவர்களில் அவளும் ஒருத்தி.

ஞாயிற்றுக்கிழமை கணவர் குகநேசனோடு ஏரிக்கரைப் பாதையில் நடந்துகொண்டிருந்தாள். நினைவு தப்பத் தொடங்கிய பிறகு, அவர் பயமில்லாமல் நடக்கும் பாதை அது ஒன்றுதான். வீட்டுக்குள்கூட அவருக்கு வழி தடுமாறியது. பேச்சும் சுருங்கி, ‘ஓம்’, ‘இல்லை’ என்பதோடு நின்றிருந்தது.

வளைவில் அவர் சட்டென்று குனிந்தார்.

“இஞ்ச பாரும், நீலக் காளான்.”

அந்தக் காட்டில் நீலமாக முளைக்கும் இனம் ஒன்றே ஒன்று. இத்தனை வருடமும் அவள் தேடி, கிடைக்காமல் போனது. அதைப் பார்க்கத் திரும்ப இருந்தவள் அப்படியே நின்று கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

“நீர் பாக்கேல்லையோ?”

“எனக்குக் கண் கூசுதப்பா. நீங்கள் சொல்லுங்கோ, நான் கேக்கிறன்.”

அவர் பாசிமேல் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினார். குடையின் ஓரம் சுருண்டிருப்பதைச் சொன்னார். அதில் ஓர் எறும்பு ஏறுவதைச் சொன்னார். மழை வாசம் அடிக்கிறது என்றார். இவ்வளவு வார்த்தைகள் அவரிடம் மிச்சமிருந்தது அவளுக்குத் தெரியாது.

அவர் நிறுத்திவிடக் கூடாதே என்று, கண் திறக்காமலே கேட்டாள்: “தண்டு என்ன நிறம்?”