மிச்சமிருந்த ஸ்டாம்ப்

உள்ளறையில் சத்தம் ஏறிக்கொண்டே போனது. மகள் ஹாலில் காத்திருந்தாள்.

"இந்தப் பழைய ரிஜிஸ்டர் தபால் கவரைப் பாருங்க. எடைக்கு ரெண்டு ஸ்டாம்ப், பதிவுக்கு மூணு. மிச்சம் ஒண்ணு எதுக்கு? போஸ்ட் ஆபீஸ் கிளார்க் தப்பா ஒட்ட வெச்சிருக்கான்!" என்றார் அப்பா.

"தப்பே இல்லை. அது, தபால் கிடைச்சதுன்னு கையெழுத்தோட திரும்பி வருமே, அந்த ஒப்புகை அட்டைக்குக் கட்டணம்!" என்றாள் அந்த வீட்டு அம்மா.

"கல்யாணம் பேச வந்த இடத்துல இதுக்கா மல்லுக்கட்டுவாங்க?" மகள் தலையில் கை வைத்தாள்.

எதிரே இருந்த அந்த அம்மாவின் மகன் நெளிந்தான். "எங்கம்மாவும் லேசுல விடமாட்டாங்க."

கதவு திறந்தது. அப்பாவின் முகமெல்லாம் சிரிப்பு. "இவங்க சொன்னதுதான் சரி. ரொம்ப நாளா மண்டையைக் குடைஞ்ச கணக்கும்மா! எனக்குப் பரிபூரண சம்மதம்."

"எனக்கும்தான்," என்றாள் அந்த அம்மா.

மகன் துள்ளி எழுந்தான். "அப்பாடா! உங்கப்பாவும் எங்கம்மாவும் இனிமே தனியா உட்கார்ந்து சாப்பிட வேண்டாம். சரி, உங்க வயசைச் சொல்லுங்க. நீங்க எனக்கு அக்காவா, தங்கச்சியா?"