பின்பலகையில் ஒரு கோடு

“பின்பலகை எப்படி இருக்குன்னு தெரியாம நான் படகை எடுக்க மாட்டேன், தம்பி.”

கழுத்தில் தொங்கிய அளவு டேப்பைக்கூடக் கழற்றாமல், தையல் கடையிலிருந்து நேராக வந்திருந்த அந்த அம்மாளைப் பார்த்துப் படகு வியாபாரி கொஞ்சம் அசந்துதான் போனார். பழைய படகு வாங்க வருகிறவர்கள் முதலில் பெயின்ட்டைப் பார்ப்பார்கள். பிறகு மோட்டாரை ஓட்டிப் பார்ப்பார்கள். இந்த டெய்லரம்மாவோ வந்ததும் வராததுமாகப் பின்பக்கம் போய்க் குனிந்துவிட்டார். கைப்பையிலிருந்து ஒரு ஸ்பேனர் வேறு வெளியே வந்தது.

வியாபாரிக்கு அந்த வட்டாரத்தில் ‘கியாரண்டி’ என்று பெயர். மழை வருமா என்று கேட்டால்கூட ‘கியாரண்டி’ என்றுதான் ஆரம்பிப்பார். அன்றைக்கும் அப்படியே ஆரம்பித்தார். அலுமினியப் படகு, மீன்பிடிக்க இதைவிட நல்லது கிடைக்காது, மோட்டாரைத் தாங்குகிற பின்பலகை இரும்பாட்டம் இருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் போகலாம் என்றார்.

“கண்ணை மூடிக்கிட்டு எடுக்கவா கடையைப் பூட்டிட்டு வந்தேன்? எங்க வீட்டுக்காரர் முப்பது வருஷம் மீன்பிடிக்கப் போனவர். அவர் உசிரு இந்தப் பலகையிலதான் இருக்கு.”

வீட்டுக்காரர் ஏன் வரவில்லை என்று கியாரண்டி கேட்டார். அவருக்குத் தெரியாமல்தான் வாங்குகிறேன் என்றார் டெய்லரம்மா. பழைய படகை விற்று நாலு மாதம் ஆகிறதாம். அன்றிலிருந்து மனுஷர் சோபாவில் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறாராம். சாப்பாடும் பாதியாகக் குறைந்துவிட்டதாம். சொல்லிக்கொண்டே மோட்டாரின் அடிப்பாகத்தை இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழும் ஆட்டினார்.

பலகை அசைந்து கொடுக்கவில்லை. ஸ்பேனரால் நாலு இடத்தில் தட்டிப் பார்த்தார். நாலு இடத்திலும் சத்தம் கணீரென்று கேட்டது.

டெய்லரம்மாவின் முகம் தொங்கிப்போனது. விலையைக் குறைக்க ஒரு காரணமும் சிக்கவில்லை, அதுதான் வருத்தம் என்று கியாரண்டி மனதுக்குள் சிரித்துக்கொண்டார்.

ஆனால் டெய்லரம்மா விடவில்லை. மோட்டார் மாட்டியிருந்த இடத்துக்குக் கீழே பெயின்ட்டின் மேல் விரலை மெதுவாக ஓட்டிக்கொண்டே போனவர், ஓரிடத்தில் நிறுத்தினார்.

“இங்க ஒரு கோடு ஓடுது.”

“அது பிரஷ் கோடுக்கா.”

“கிழிஞ்சதைத் தைச்சு மறைச்சா என் விரலுக்குத் தெரியாம போகாது. இந்த போல்ட்டைக் கழட்டுங்க.”

ஒரு சொட்டுத் தண்ணீர் வந்தாலும் தன் பெயரையே மாற்றிக்கொள்வதாகச் சொல்லியபடி கியாரண்டி போல்ட்டைத் திருகி இழுத்தார். ஓட்டை வழியாகப் பழுப்பு நிறத் தண்ணீர் கோடாக வழிந்தது. டெய்லரம்மா தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவி உள்ளே விட்டார். அது தடையே இல்லாமல் முழுசாகப் போனது. வெளியே இழுத்தபோது, நனைந்த ரஸ்க் மாதிரி மரத்தூள் ஒட்டிக்கொண்டு வந்தது. தட்டியபோது கணீரென்ற அலுமினியத் தகடு மேலே பளபளவென்று இருக்க, உள்ளே பலகை உளுத்துப்போயிருந்தது.

கியாரண்டியின் முகத்தில் ஈயாடவில்லை.

“சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா. நான் வாங்கும்போதே இந்தப் பெயின்ட்தான்.”

டெய்லரம்மா கோபப்படவில்லை. இதைச் சரிசெய்ய எவ்வளவு நாள் ஆகும் என்று நிதானமாகக் கேட்டார். கியாரண்டியும் எதையும் ஒளிக்கவில்லை. மோட்டாரை இறக்க வேண்டும், தகட்டைப் பிடித்திருக்கும் ரிவெட்டு ஆணிகளை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும், உளுத்ததைச் சுரண்டிவிட்டுப் புதுப் பலகை அறுத்து, பசை பூசி, காயவைத்து மாட்ட வேண்டும். வேலை தெரிந்தவர் வீட்டு வாசலிலேயே வைத்துச் செய்யலாம். ஆனால் ஒற்றை ஆளாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தால் ஒரு வருஷம்கூட ஆகும்.

“அதுவரைக்கும் இது தண்ணியில இறங்கக் கூடாது. இறங்கினா மோட்டாரு பலகையைப் பிச்சுக்கிட்டு அடியில போயிடும்.”

சொல்லி முடித்தபோது அவருக்கே வெட்கமாக இருந்தது. இந்த அம்மாள் பேசாமல் திரும்பிப் போய்விட்டால் இத்தனை நாள் சம்பாதித்த பெயர் என்ன ஆவது? ஒரு முடிவுக்கு வந்தவராக, கொட்டகை ஓரத்தில் நின்ற இன்னொரு படகைக் காட்டினார். அது அவருடைய சொந்தப் படகு. காலையில்கூட அதில் போய் வந்திருந்தார். பின்பலகை மாற்றி ஆறு மாதம்தான் ஆகிறது.

“இதே விலைக்கு அதை எடுத்துக்கங்க. எனக்குக் கட்டுப்படியாகாதுதான், பரவாயில்லை.”

டெய்லரம்மா போய் அதையும் ஆட்டினார், தட்டினார், விரலை ஓட்டினார். குறையே இல்லை என்று மனதாரப் பாராட்டினார். பிறகு நடந்து வந்து உளுத்த படகின் மேல் கையை வைத்தார்.

“இதையே வண்டியில ஏத்துங்க.”

“என்னக்கா இது, நாளைக்கே தண்ணியில இறக்குற மாதிரி ஒண்ணு தர்றேங்கிறேன்…” கியாரண்டிக்குத் தலை சுற்றியது.

“அதனாலதான் அது வேண்டாங்கிறேன். அவரைத் தண்ணிப் பக்கமே விடக் கூடாதுன்னு இதய டாக்டர் சொல்லிட்டாரு, சும்மா உட்காரவும் விடக் கூடாதுன்னு சொல்லிட்டாரு” என்ற டெய்லரம்மா, ஹேர்பின்னைத் துடைத்துத் தலையில் செருகிக்கொண்டார். “இதை அவர் சரிபண்றதுக்குள்ள, உளுத்ததா இன்னொண்ணு பார்த்து வையுங்க தம்பி.”