ஒரே பேரில் எடுத்த நகல்

மனைவியின் நினைவுகளை நகலெடுத்துவைக்க மாதம் மூவாயிரம். இருவர் பெயரிலும் என்றால் ஆறாயிரம். "ஒரு வீட்டுக்கு ஒரு பேரு போதாதாடே?" என்று பேரம் பேசித் தன் பெயரில் மட்டும் எடுத்திருந்தார் பாத்திரக்கடை தெய்வேந்திரன். மனைவி தங்கபுஷ்பம் இறந்துபோய், அவள் நினைவுகள் பதிந்திருந்த மூலக் கருவியும் பழுதான பிறகு நகலைத் திறந்தால், அதில் ஒரே சிரிப்பும் மரியாதைப் பேச்சும்.

"அவ ஏசுனதெல்லாம் எங்கடே?"

பழுதுபார்க்க வந்த ஜெபராஜ் தலையைச் சொறிந்தான். "அதெல்லாம் உங்க கண்ணுல படக்கூடாதுன்னு மதினி பூட்டி வச்சிருக்காங்க, அண்ணாச்சி. உங்க பேருல ஓடுன நகலுக்கு அதைத் தொட அனுமதி இல்ல. விட்டுட்டுப் போயிருச்சு."

வியாபாரத்தில் ஏமாந்து வந்த நாளெல்லாம் 'கூறுகெட்ட மனுசா' என்று தொடங்கி, சோறு போடும்வரை ஓயாத குரல் அது.

"இது யாருடே? எங்க வீட்டுல இவ்வளவு மரியாதையா யாரும் பேசுனதில்ல."

திரையின் அடியில் கணக்கு நின்றது: நகலானவை 4,206, அனுமதியின்றி விடுபட்டவை 93,118.