வாலில் புள்ளி வைத்த மீன்

"உன் தம்பி கடைக்கு இன்னைக்கு சீல். அதுல மாத்தமே இல்ல" என்று சொல்லிவிட்டு, மீன்வளத்துறை ஆய்வாளர் அரக்குக் குச்சியையும் முத்திரையையும் பைக்குள் போட்டார்.

சமையலறையில் மனைவி ஒரு பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். காலையிலிருந்தே அவள் பாத்திரங்களோடு மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தாள், அதுவும் சத்தமாக.

தம்பி கூடத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். கண்ணாடித் தொட்டிகளில் அலங்கார மீன் விற்கும் சின்னக் கடை அவனுடையது. அதை மூடிவிட்டால் அவனுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

"மாமா, அந்த மீனை நான் கண்ணால பார்த்ததுகூட இல்ல. அப்படியே கிடைச்சாலும் நாலு பேருக்கு வித்துப் பொழைப்பேனே தவிர, குளத்துல எதுக்கு விடப்போறேன்?"

"போன வருஷம் உனக்கு அபராதம் போட்டேன்ல, அந்த வன்மம்" என்றார் ஆய்வாளர். "என்னைப் பழி வாங்குறே."

இத்தனைக்கும் காரணம், சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஒரு மீன். மஞ்சள் துடுப்பு, வாலில் ஒரு கறுப்புப் புள்ளி. முதலில் மலையடிவாரக் குளத்தில் தலைகாட்டியது. இப்போது சுற்றுவட்டாரத்தில் எந்தக் குளத்தில் கை வைத்தாலும் அதுதான். மற்ற மீன்களின் முட்டையை ஒன்று விடாமல் தின்று தீர்த்தது. வெறும் கூடையோடு அலுவலகத்துக்கு வந்த மீனவர்கள், ஆய்வாளரின் சட்டையைப் பிடிக்காததுதான் பாக்கி.

அது என்ன மீன் என்றாவது யாராவது சொன்னார்களா என்றால், அதுவும் இல்லை. மேலதிகாரிக்குப் படம் அனுப்பினார். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மை ஒன்று பதிலாக வந்தது. இன்னொருவர், கெண்டைக் குஞ்சைப் பார்த்து ஏன் இப்படிப் பயப்படுகிறீர்கள் என்று கேட்டார். கடைசியில் பல்கலைக்கழகத்தில் மீன் ஆராய்ச்சி செய்யும் பேராசிரியைக்கு ஒரு புட்டியில் போட்டு அனுப்பிவைத்தார். அங்கிருந்தும் பேச்சு மூச்சு இல்லை. பெயரே தெரியாத எதிரியோடு மல்லுக்கட்டி மனிதர் நொந்து நூலாகிப் போயிருந்தார்.

மைத்துனன் கடையில் ஒவ்வொரு தொட்டியாகத் துழாவிப் பார்த்தாயிற்று. அந்த மீன் ஒன்றுகூட இல்லை. அவன் ஒளித்துவிட்டான் என்பதற்கு அவருக்கு அதுவே சாட்சியாகிவிட்டது.

"நான் ஒரு குளத்துல வலை போட்டுப் பார்க்கிறேன். இது சுத்தமா இருக்குன்னு நிம்மதியா வர்றேன். மறுபடி போனா அங்கயும் புள்ளி மீன். என் பின்னாலயே வந்து விட்டுட்டுப் போறான்யா. நான் என்னைக்கு எந்தக் குளத்துக்குப் போறேன்னு வெளியில யாருக்குத் தெரியும்? இந்த வீட்டுல இருக்கறவங்களுக்குத்தான் தெரியும்." சொல்லும்போது அவர் பார்வை சமையலறைப் பக்கம் போனது.

மனைவி வெளியே வந்தாள். "ஆமா, நான்தான் துப்புக் கொடுக்கிறேன். எனக்கு வேற வேலை இல்ல பாருங்க. அதை அப்புறம் விசாரிங்க. முதல்ல பின்வாசல்ல கிடக்கிற உங்க வலைச் சாக்கை எடுத்து வெயில்ல போடுங்க. சொட்டிச் சொட்டி வாசலே வழுக்குது. நாத்தம் குடலைப் புடுங்குது."

"காயப்போட்டு மடிச்சு வைக்கிறதுக்கு அது என்ன கல்யாணப் புடவையா? நேத்து ஒரு குளம், இன்னைக்கு ஒரு குளம். உக்கார நேரமில்ல எனக்கு."

அப்போதுதான் தொலைபேசி அடித்தது. பேராசிரியை. ஆய்வாளர் முகத்தில் பல நாள் கழித்து வெளிச்சம் வந்தது. அக்காவும் தம்பியும் காதாரக் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டு மேஜைமேல் வைத்தார்.

"சார், நீங்க அனுப்பின மீன் நம்ம தண்ணியில இருக்கிற மீனே இல்ல. வெளியிலிருந்து வந்தது."

"நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன்" என்று மைத்துனனை முறைத்தார். "மீன் கடைக்காரங்க வேலைதானே மேடம்?"

"முதல் குளத்துல யாராவது எப்பவோ விட்டிருக்கலாம். அது யாருன்னு இனிமே கண்டுபிடிக்க முடியாது. ஆனா மத்த குளத்துக்கெல்லாம் யாரும் மீனைக் கொண்டுபோய் விட வேண்டியதே இல்ல. இதோட முட்டை பசை மாதிரி வலை நூல்ல ஒட்டிக்கும், கண்ணுக்கே தெரியாது. ஈரம் மட்டும் இருந்தா தண்ணிக்கு வெளியிலயும் நாள் கணக்கா உயிரோட கிடக்கும். ஒரு குளத்துல போட்ட வலையைக் காய வைக்காம அடுத்த குளத்துல போட்டா போதும், பரவிடும்."

ஆய்வாளர் ஸ்பீக்கரை அணைக்கக் கை நீட்டினார். பேராசிரியை விடவில்லை.

"எல்லாக் குளத்துலயும் ஒரே வலையைப் போடுற ஆளு யாராவது இருக்காங்களான்னு மீனவங்ககிட்ட விசாரிச்சுப் பாருங்க சார்."

"அவங்க அவங்கவங்க குளத்தை விட்டு வேற குளத்துல இறங்க மாட்டாங்க மேடம்…" என்று ஆரம்பித்தவரின் குரல், சொல்லி முடிப்பதற்குள் கிணற்றுக்குள் போய்விட்டது.

மைத்துனன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். மனைவி பின்வாசலுக்குப் போனாள். திரும்பி வந்தபோது அவள் கையில் அந்தச் சாக்கு சொட்டிக்கொண்டிருந்தது. அதை மேஜைமேல், அரக்கும் முத்திரையும் இருந்த பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"சீல் இதுல வைங்க."